என் ஓரகத்தியின் முழங்கால்

வருகிற வெள்ளிக்கிழமை பெரியக்காவுக்கு வழியனுப்பு விழா. "நீங்கதான் ஒரே வீட்டுல இருக்கீங்க, அவங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதி வாசிச்சிடுங்க" என்று சொல்லி மேலாளர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஹோட்டல் பெயரைப் பொன்னெழுத்தில் அச்சடித்த வழவழப்பான தாள். நானும் நல்ல பிள்ளையாக எழுத ஆரம்பித்தேன். கடின உழைப்பாளி. அன்பானவர். எப்போதும் சிரித்த முகம். மூன்று வரியில் சரக்கு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதெல்லாம் நிஜம். நிஜத்தைப் பொன்னெழுத்துத் தாளில் எழுத முடியாது என்பதால் இந்தக் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை. இருபத்தாறு வருஷப் பொறாமை. அவளுடைய கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் நுழைந்த அன்றே ஆரம்பித்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. ஜன்னல் இருக்கிற அறை அண்ணனுக்கும் அண்ணிக்கும். பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்த அறை எங்களுக்கு. முந்தி வந்தவள் அவள், அதனால் ஜன்னல் அவளுக்கு. நியாயம்தான். நியாயமாக இருந்துவிட்டால் வயிறு எரியாதா என்ன?

இரண்டு வருஷம் கழித்து, "எங்க ஹோட்டல்ல ஆள் எடுக்கறாங்க, வர்றியாடி?" என்று அவள்தான் கேட்டாள். ஆக, நான் சாப்பிடுகிற சோறும் அவள் கைகாட்டியது. ஒருத்தி மேல் பொறாமையாகவும் இருந்து, அவளுக்கு நன்றியாகவும் இருக்க வேண்டும் என்றால் அதைவிடப் பெரிய தொல்லை வேறு கிடையாது. ஹோட்டலில் அவளைப் பெரியக்கா என்றார்கள், என்னைச் சின்னக்கா என்றார்கள். இப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. இன்னும் சின்னக்காதான்.

வேலையைச் சொல்ல வேண்டும். அறை சுத்தம் செய்கிற வேலை. ஒரு ஷிஃப்டுக்குப் பதினான்கு அறை. பெட்ஷீட்டின் முனைகளை மெத்தைக்கு அடியில் செருகுவதற்கு ஒரு தடவை முட்டி போட வேண்டும். பாத்ரூம் தரையைத் துடைக்க இன்னொரு தடவை. அதற்கெல்லாம் மாப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் எங்கள் மேற்பார்வையாளர் அதை நம்பமாட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'விரல்'. கழிப்பறைக்குப் பின்னால் இருக்கிற மூலையில் ஆட்காட்டி விரலை ஓட்டி, அந்த விரலை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார். "மாப்புக்குக் கண்ணு கிடையாது, கைக்குத்தான் உண்டு" என்பார். எனவே கையால்தான் துடைக்க வேண்டும். தூரத்து மூலையில் முட்டி போட்டு ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து கதவுவரை வரவேண்டும். ஒரு நாளைக்கு இருபத்தெட்டு முறை முட்டி போடுகிற தொழில் எங்களுடையது.

பெரியக்கா பதினான்கு அறையையும் மூன்றரைக்கு முடிப்பாள். நான் சேர்ந்த முதல் மாதமே மூன்று பத்துக்கு முடித்தேன். எப்படி என்றால், மற்றவர்கள் ஒரு காலை ஊன்றி, கட்டிலைப் பிடித்து, மெதுவாக இறங்குவார்கள். நான் மாவு மூட்டையைப் போடுவதுபோல் தொப்பென்று இரண்டு முட்டியிலும் விழுவேன். எழுந்திருப்பதும் ஒரே உந்தில். முடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரம் பதிகிற மிஷின் பக்கத்தில் நிற்பேன். இருபது நிமிஷம் கழித்து அவள் வருவாள். "வந்துட்டியா அதுக்குள்ள?" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஜன்னல் அவளுக்கு, பெரிய அலமாரி அவளுக்கு, நல்ல பெயர் அவளுக்கு. அந்த இருபது நிமிஷம் மட்டும் எனக்கு.

இன்னொன்று. எல்லாரும் யூனிஃபார்மை ஹோட்டல் சலவைக்கே போட்டுவிடுவோம். அவள் மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து துவைப்பாள். "அந்த சோப்பு என் உடம்புக்கு ஆகலடி" என்பாள். துவைத்ததைப் பொதுவாக இருக்கிற பால்கனிக் கொடியில் போடமாட்டாள்; தன் அறை ஜன்னல் கம்பியில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். "ஜன்னல் இருக்கிற மகாராணி, எப்படி வேணா காயப்போடுவா" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அண்ணி துணி காயறதுல கூடவா உனக்குப் பொறாமை?" என்றார்.

ஆமாம். அதிலும்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முட்டி வலி வந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் பத்தடி மரக்கட்டைபோல் நடப்பாள், அப்புறம் கொஞ்சம் இளகும். மாடிப்படி ஏறும்போது மூட்டுக்குள்ளிருந்து 'கடக் கடக்' என்று வருகிற சத்தம் எங்கள் அறைக்கே கேட்கும். முன்பே கொஞ்சம் வளைந்த கால். அது இன்னும் வளைந்து, இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு தலையணையை நுழைக்கலாம்போல ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் அவள் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சமையலறை வாசலில் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு வலிக் களிம்பைத் தடவிவிடுவார். அவர் பாட்டுக்குத் தடவுவார், அவள் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். நான் இரண்டு முழ தூரத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். என் கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிடலாம்.

ஒரு நாள் என்னவரிடம் போய், "எனக்கும் முட்டி வலிக்குது" என்றேன். டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "அப்ப நிக்காத, உக்காரு" என்றார். எனக்குக் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான்.

நான் பொய் சொல்லவில்லை. என் வலது முட்டிச் சில்லுக்கு மேலே, தோலுக்கு அடியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம் வந்திருந்தது. நடந்தால் பெரிதாக வலிக்காது. முட்டி போட்டால் உயிர் போகும். ஆனாலும் வெளியில் சொல்லவில்லை. அவள் வலி முந்தி வந்துவிட்டது. இனி நான் சொன்னால் அவளைப் பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். வலியிலும் அவளே மூத்தவள்.

போன வருஷம் அடித்தளத்தில் இருக்கிற துணி அறையில் ஒரு இடம் காலியானது. அங்கே இருந்த அம்மாள் மகனோடு போய் இருக்கப்போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பெட்ஷீட்டும் துண்டும் யூனிஃபார்மும் கொடுத்து வாங்குகிற வேலை. கை வைத்த நாற்காலி, அதில் ஒரு திண்டு. முட்டி போடவே வேண்டாம். எங்கள் தொழிலில் முட்டி போய்விட்டால் ஒன்று அந்த நாற்காலி, இல்லாவிட்டால் வீடு. நாற்காலியோ ஒன்றுதான் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை நான் சமையலறையில் நின்று பார்க்க வேண்டும். அதற்கு இந்த முட்டியே கழன்று விழலாம்.

விரல், "பெரியக்காவுக்குக் குடுங்க, படியில பக்கவாட்டா ஏறுறாங்க பாவம்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். நான் நேரே உள்ளே போய், "எனக்கும் முட்டிதான் சார்" என்றேன். மேலாளர் நியாயஸ்தர். இரண்டு பேரையும் ஒரே நாளில் டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முழங்கால் மூட்டு. எங்கள் இரண்டு பேர் எக்ஸ்ரேயையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். என்னையும் அவளையும் சேர்த்து நிறுத்தி எடைபோடாதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. இப்போது எலும்பும் தராசுக்கு வந்துவிட்டது.

"இங்க பாருங்கம்மா," என்று பெரியக்காவிடம் பிளாஸ்டிக் மூட்டை மடக்கிக் காட்டினார். "ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கணும். உங்களுக்கு உள்பக்கம் தேஞ்சு போய் எலும்பும் எலும்பும் கிட்ட வந்துருச்சு. வயசு, உடம்பு எடை, கால் வளைவு, இத்தனை வருஷ வேலை, எல்லாம் சேர்ந்துதான் இது. தேஞ்சதைத் திரும்ப வளர்க்க மருந்து கிடையாது. ஆனா வலியைக் குறைக்கலாம். எடையைக் கொஞ்சம் இறக்குங்க. தொடைத் தசையை பலப்படுத்துங்க, அதுதான் மூட்டைத் தாங்கும். காலை நேரா நீட்டித் தூக்கி அஞ்சு எண்ணி இறக்குங்க, தினமும். நடங்க. களிம்பு போடலாம், தேவைப்பட்டா மாத்திரை. அதுக்கும் கேக்கலன்னா ஊசி. எதுக்குமே கேக்கலன்னாதான் மூட்டு மாத்துற ஆபரேஷன்."

பிறகு என் படத்தைப் பார்த்தார். "உங்க எலும்பு அருமையா இருக்கு!"

வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. அவளுடைய எக்ஸ்ரேயில் அந்த உள்பக்கம் புகைமூட்டமாக இருந்ததைப் பார்த்து நான் ஏங்கினேன். கெட்டுப்போன எலும்புக்கு ஆசைப்பட்டவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரியக்காவோ நாற்காலியிலிருந்து எட்டி என் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு இவளுது" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் என் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். "இது மூட்டுக்குள்ள இல்ல, மேல. முட்டிச் சில்லுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு சின்ன நீர்ப்பை இருக்கும். வருஷக்கணக்கா முட்டி போட்டு அழுத்தினா அது வீங்கும். ஆறு வாரம் முட்டியே போடாதீங்க. துணியில ஐஸ் சுத்தி வைங்க. ஒரு வாரம் மாத்திரை, சாப்பிட்டப்புறம் போடுங்க. அப்புறமும் முட்டி போட்டே ஆகணும்னா, கீழ கனமா மெத்தை ஏதாவது வச்சுக்கங்க. சிவந்து சூடாச்சு, காய்ச்சல் வந்துச்சுன்னா ஒரு நிமிஷம் கூட நிக்காம வாங்க."

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு ஞாபகம் வந்தது. அப்போது என் காதில் 'அருமையா' மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்குமே டாக்டர் கடிதம் கொடுத்தார். ஆனால் தேய்ந்த எலும்பின் படத்துக்கு முன்னால் அருமையான எலும்பின் கடிதம் எடுபடுமா? நாற்காலி அவளுக்குப் போயிற்று.

அதன்பிறகு நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஐஸ் வைக்கவில்லை. மெத்தை எதுவும் தேடவில்லை. ஆறு வாரம் ஓய்வு கேட்டால், 'பார்த்தியா, அவளுக்குக் கிடைச்சதும் இவளும்' என்பார்களே என்று கேட்கவும் இல்லை. அவள் விட்டுப்போன அறைகளைப் பங்கு போட்டபோது எனக்கு இரண்டு சேர்ந்து பதினாறாயிற்று. ஒவ்வொரு அறையிலும் முன்னைவிட வேகமாகத் தொப்பென்று விழுந்தேன். எதிராளிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். அறுபட்டது என் முட்டி.

இரண்டாவது மாதம், யாரோ விருந்தாளி உடைத்த கண்ணாடித் தம்ளரின் ஒரு சில்லு முட்டியில் கிழித்தது. கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் முட்டி தக்காளியாகச் சிவந்து கொதித்தது. ஒன்பதாவது அறையின் பாத்ரூமில் முட்டி போட்டவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே சரிந்துவிட்டேன். விரல்தான் கண்டுபிடித்தார். என் நெற்றியில் அதே ஆட்காட்டி விரலை வைத்துப் பார்த்து, "ஐயோ, கொதிக்குதே" என்றாராம்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி வீக்கத்திலிருந்து கலங்கின நீரை உறிஞ்சி எடுத்தார்கள். நீர்ப்பையில் கிருமி போய்விட்டது என்று ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அதே டாக்டர் வந்து திட்டினார். "ரெண்டு விரல் கனத்துக்கு ஒரு ஸ்பாஞ்ச். அதை முதல்ல இருந்து முட்டிக்குக் கீழ வச்சிருந்தா உங்களுக்கு இந்த நிலைமை வந்தே இருக்காது. இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூடவா சொல்லல?"

அப்போது பெரியக்கா கட்டில் பக்கத்தில் ஃபிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தாள். தம்ளரைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனாள். ஐந்து நாளும் இரண்டு வேளையும், அந்தத் தேய்ந்த காலோடு ஆஸ்பத்திரிப் படி ஏறி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நல்லவளாக இருப்பதிலும் நம்மை முந்துகிறாளே என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்ததும் என்னைச் சலவைப் பகுதியில் துணி மடிக்கப் போட்டார்கள், தற்காலிகமாக. நாற்காலியில் அவள். ஆனால் அந்த நாற்காலி அவளுக்கு ஆகவில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. மேஜைக்கு முன்னால் வரிசை நிற்கும்போது யார் எழுந்து நடப்பது? எட்டு மணி நேரம் மடக்கியே வைத்த கால், எழுந்திருக்கும்போது நீள மறுத்தது. ஊசி போட்டார்கள், மூன்று மாதம் நன்றாக இருந்தாள். பிறகு தூக்கத்திலேயே வலி எழுப்ப ஆரம்பித்தது. கடைசியில் மூட்டை மாற்றிவிடலாம் என்று தேதி குறித்தார்கள். ஐம்பத்தைந்து வயதாகிறது, இனி வேலை போதும் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நாற்காலி எனக்கு வந்தது.

முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்து, சும்மா இருந்தேன். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். பூனை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

மூன்றாவது வாரம் மாமா ஒரு பையோடு வந்தார். "அவளோட யூனிஃபார்ம்மா. அலமாரியில இருந்துச்சு. ஹோட்டல் பொருள் நமக்கு எதுக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

"அக்கா குடுக்கச் சொன்னாங்களா?"

"அவ தூங்கிட்டிருக்கா. இதுக்குப் போய் எழுப்புவாங்களா?"

திரும்பி வருகிற யூனிஃபார்மை உள்பக்கம் புரட்டி, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதுதான் இந்த நாற்காலியின் வேலை. இரண்டு மேல்சட்டை, குறையில்லை. பேன்ட்டைப் புரட்டினேன். முட்டி இருக்கிற இடத்தில், உள்ளே, பெட்ஷீட் துணியில் ஒரு பை தைத்திருந்தது. கெட்டியாக ஏதோ இருந்தது. தையலைக் கொஞ்சம் பிரித்தேன். ஸ்பாஞ்ச். இரண்டு விரல் கனம். இரண்டு காலிலும். அடுத்த பேன்ட்டிலும் இரண்டு காலிலும். ஒன்றில் வெள்ளை நூல், இன்னொன்றில் பச்சை நூல்.

ஸ்பாஞ்சின் ஒரு பக்கம் மெத்தை உறைத் துணி ஒட்டியபடி இருந்தது. நீலக்கோடு போட்ட துணி. எனக்கு அந்த நீலக்கோட்டைத் தெரியும். நான் ஹோட்டலில் சேர்ந்த மாதம் பழைய மெத்தைகளை எல்லாம் கழித்துப் போட்டார்கள். என்னுடைய முதல் வேலையே அந்த நீலக்கோட்டு மெத்தைகளைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனதுதான். அதற்குப் பிறகு ஹோட்டலில் நீலக்கோடே கிடையாது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது இருபத்து நான்கு வருஷம் தாங்கியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை யூனிஃபார்ம் மாறும்போதெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறாள். சோப்பு உடம்புக்கு ஆகவில்லையாம்! ஜன்னல் கம்பி, சாத்தின கதவு, ஆஸ்பத்திரியில் கழுவப்போன தம்ளர், எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை ஐந்து நாள் எனக்கு ஊட்டியும் இருக்கிறாள். பேரேட்டில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதி, துணியை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

அந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் அவள் காலை மடக்கிவிடுவது என் பொறுப்பு. மாற்றின மூட்டு ஆறு வாரத்துக்குள் செங்கோணம் அளவுக்காவது மடங்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்தே போய்விடும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். குதிகால் எதுவரை வர வேண்டும் என்று கட்டிலில் ஒரு டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். வாரா வாரம் வந்து டேப்பை மேலே ஏற்றுவாள். பெரியக்கா கத்துவதைப் பார்த்தால் மாமா பால்கனிக்கு ஓடிவிடுவார். அதனால் நான்.

அன்றும் அவள் படுத்திருந்தாள். மூட்டின்மேல் நீளமான தழும்பு. நான் ஒரு கையால் குதிகாலையும் ஒரு கையால் முழங்காலுக்குக் கீழேயும் பிடித்து மெதுவாகத் தள்ளினேன். டேப்புக்கு நான்கு விரற்கடை இருக்கும்போதே பல்லைக் கடித்தாள். அவள் கால் முழுக்க என் கையில் இருந்தது. ஒரே ஒரு அழுத்து அழுத்தினால் போதும். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள்.

"நீலக்கோட்டு மெத்தை ஞாபகம் இருக்காக்கா?" என்று கேட்டேன்.

அவள் கடித்த பல்லைத் தளர்த்தினாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"அவரு கொண்டாந்து குடுத்துட்டாரா?"

"ரெண்டு பேன்ட்டும்."

நான் காலை விடவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். உனக்கும் சேர்த்துதான் வெட்டினேன். நீ சேர்ந்த முத மாசமே. தச்சு, பையில வச்சு, வேலை முடிஞ்சதும் குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்." போர்வை முனையை விரலில் சுற்றினாள். "நீ மூணு பத்துக்கே முடிச்சுட்டு மிஷின் பக்கத்துல நின்னுட்டிருந்த. பையை மாட்டிக்கிட்டு. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு. எனக்கு அப்பவே காலு வலிக்கும்டி. மூணு வருஷமா அங்க இருக்கேன், என்னால அந்த வேகத்துல ஒரு நாளும் முடிக்க முடிஞ்சதில்ல. பையிலேயே வச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னு நினைப்பேன். வருஷம் போகப் போகக் கஷ்டமாயிடுச்சு. இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்ப. என்னன்னு சொல்றது?"

"பொறாமைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுவியா?"

எனக்குக் கோபம் வந்தது, அது உண்மை. என் முட்டியில் ஊசி ஏறினதும், பாத்ரூம் தரையில் கன்னம் ஒட்டக் கிடந்ததும் நினைவில் இருந்தன. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். சந்தோஷம். அவள் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள்! ஜன்னல் இருந்தும், மடியில் கால் வைத்துத் தடவிவிடப் புருஷன் இருந்தும், என் இருபது நிமிஷத்துக்கு எரிந்திருக்கிறாள். டாக்டர் அறையில் என் எக்ஸ்ரேயைப் பார்த்த பார்வையும் அதுதான். இருபத்தாறு வருஷமாக நான் ஒருத்திதான் இந்த வியாதிக்காரி என்று நினைத்திருந்தேன். அதிலும் அவளே மூத்தவளாக இருப்பாள்போல. நான் சும்மா எரிந்துகொண்டிருந்தேன். அவள் ஊசி நூலோடு உட்கார்ந்து காரியம் பார்த்திருக்கிறாள்.

"மூச்சை விடுங்க" என்றேன்.

குதிகாலைத் தள்ளினேன். கத்தினாள். டேப்பைத் தொட்டதும் நிறுத்தினேன். ஒரு நூல்கூட அதிகம் இல்லை, குறைவும் இல்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இவள் கால் மடங்காமல் கட்டிலிலேயே கிடந்துவிட்டால், நான் யாரைப் பார்த்து எரிவது?

இவ்வளவையும் எழுதி நோட்டை மூடிவிட்டேன். நேற்று விழா நடந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஊன்றுகோலோடு அவளே நடந்து வந்தாள். புது மூட்டு வைத்ததில் அந்தக் கால் வளைவு போய் நேராகிவிட்டது. அந்தப் பக்கம் அரை விரற்கடை உயர்ந்தும் இருக்கிறாள். பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தைந்து வயதில் யாராவது வளர்வார்களா?

பொன்னெழுத்துத் தாளை எடுத்து மூன்று வரியையும் வாசித்தேன். கடின உழைப்பாளி. அன்பானவர். எப்போதும் சிரித்த முகம். பிறகு தாளை மடித்துவிட்டு, அதில் இல்லாத நாலாவது வரியைச் சொன்னேன். "இந்த வேலையில தனக்குத் தெரிஞ்ச ஒண்ணைக்கூட அவங்க எங்கிட்ட ஒளிச்சதில்ல. எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மட்டும் குனிந்து தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது மூன்று படி. இறங்கும்போது ஆபரேஷன் பண்ணின காலை முதலில் வைக்க வேண்டும். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது படியில் நின்று, என் காதுக்குள், "பச்சை நூல் போட்டது உன்னுதுடி" என்றாள்.

இன்று காலை துணி அறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, பச்சை நூலைப் பிரித்து அந்த இரண்டு ஸ்பாஞ்சையும் எடுத்தேன். தரையில் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் இனி முட்டி போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இருந்தாலும் ஒரே ஒரு தடவை என்று, ஒரு காலை ஊன்றி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக அதன்மேல் முட்டி போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. அதில் ஏற்கெனவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அவளுடைய முட்டி அளவுக்கு.